சொல்லாமல் விட்டதை வாய்விட்டுச் சொல்வது எப்படி: லயத்து வீட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுதான் லயம். எங்கள் லயத்தில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. காம்பரா என்றால் அறை; 10 அடிக்கு 12 அடி. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள சுவர் கூரைத் தகரம்வரை ஏறாது. தொங்கலில், அதாவது கடைசியில் உள்ள காம்பராவில் குழந்தை தும்மினால் நடுக் காம்பராவிலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்குக் கடையில் எவ்வளவு பாக்கி, எந்த அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் ஊருக்கே தெரியும்.

இங்கே கோபத்துக்கு வெட்கம் இல்லை. இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், நின்று கத்தலாம்; நான்கு பேர் விலக்கிவிட வருவார்கள்; மறுநாள் தேத்தண்ணீரோடு அது முடிந்துவிடும். நன்றியும் மன்னிப்பும்தான் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டுவிடுமோ என்று கூசுகின்றன. "வயதான காலத்தில் இதுகளுக்கு வந்த கொஞ்சலைப் பாரேன்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அதனால் முதலில் குசுகுசுவென்று சொல்கிறோம். பிறகு சாடையாகச் சொல்கிறோம். பிறகு சொல்லாமலே விட்டுவிடுகிறோம். மலையகத்தில் வளர்ந்த நமக்கு அன்பில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதைச் சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இந்த வழிகாட்டியில் இடத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா கவ்வாத்துக்காரர்; தேயிலைச் செடியை வெட்டிக் கழிப்பது அவர் வேலை. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் நாள், விடியற்காலை நான்கரை மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் என்னைப் பஸ் பாதைவரை கூட்டிவந்து, கூடவே பஸ்ஸிலும் ஏறி, பரீட்சை நிலையம்வரை வந்தார். தலையில் கறுப்புக் கம்பளி. காலில் செருப்பு இல்லை. வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. அங்கிருந்தே டவுன் பிள்ளைகள் நிற்பது தெரிந்தது. "நீங்கள் இங்கேயே நில்லுங்கள், அப்பா" என்றேன். நின்றார். பரீட்சை முடிந்து வெளியே வந்தபோதும் அதே வளைவில் நின்றுகொண்டிருந்தார். அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், அவருக்கு இல்லாமல் போனது. அந்த நாளைப் பற்றி அவர் ஒருபோதும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 18 வருடம் கழித்து இறந்தார். 18 வருடத்தில் ஒரு வாக்கியத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். அண்மைக் காலத்தை நினைக்கும்போது மனிதர்கள் தாங்கள் செய்த காரியத்துக்காகவே அதிகம் வருந்துகிறார்கள். வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போதோ செய்யாமல் விட்டதுதான் உறுத்துகிறது என்று கண்டார்கள். அந்த வளைவில் நான் சொன்ன சொல் எனக்குச் சில மாதங்களில் மங்கிவிட்டது. பிறகு சொல்லாமல் விட்ட சொல்தான் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது.

முதல் படி: ஓர் ஆள், ஒரு சொல்

ஒரு கொப்பித் தாளை எடுத்து, சொல்ல வேண்டியது இருப்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். உயிரோடு இருப்பவர், இறந்தவர், கொழும்பில் இருப்பவர், குவைத்தில் இருப்பவர் என்று பிரிக்க வேண்டாம், எல்லோரையும் எழுதுங்கள். பிறகு ஒருவரை மட்டும் வட்டமிடுங்கள். மிகப் பெரிய பாரத்துக்குரியவரை முதலில் தொடாதீர்கள். புதிதாகக் கொழுந்து பறிக்க வந்த பிள்ளையை எடுத்த எடுப்பில் செங்குத்து மலைக்கு யாரும் அனுப்புவதில்லை. பள்ளிக்கூடத்தில் உங்களுக்குப் பென்சில் வாங்கித் தந்த ஆசிரியரோ, முதல் வேலைக்குப் போகச் சட்டை இரவல் தந்த மச்சானோ போதும்.

சொல்ல வேண்டியது எந்த வகை என்று பாருங்கள். மரணத் தறுவாயில் உள்ளவர்களைக் கவனிக்கும் மருத்துவத்தில் பல காலம் பணிபுரிந்த ஐரா பயொக் என்ற அமெரிக்க மருத்துவர் நான்கு வாக்கியங்களைச் சொல்கிறார்: என்னை மன்னித்துவிடு, உன்னை மன்னிக்கிறேன், நன்றி, உன்னை நேசிக்கிறேன். நல்ல பட்டியல்தான். நம் வாயில் அது அப்படியே ஏறாது. "நன்றி" நமக்கு மேடைச் சொல். கோயில் கூட்டத்தின் கடைசியில் நன்றியுரை சொல்பவருடையது. "நேசிக்கிறேன்" என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டாவது வாக்கியத்தில் ஆபத்தும் இருக்கிறது. "உங்களை மன்னித்துவிட்டேன், சித்தப்பா" என்று பெரியவர் ஒருவரிடம் சொன்னால், நீங்கள் குற்றப்பத்திரிகை வாசிப்பதாகவே அவர் கேட்பார். அதை மனதுக்குள் செய்துவிட்டு, அவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவது மேல்.

நான் கண்டுபிடித்த மாற்று "பார்த்தேன்" என்ற சொல். "நீங்கள் எனக்கு மீன் துண்டைப் போட்டுவிட்டு வெறும் குழம்பு ஊற்றிக்கொண்டதை நான் பார்த்தேன், அம்மா." இதில் நன்றி என்ற சொல்லும் இல்லை, நேசம் என்ற சொல்லும் இல்லை, இரண்டும் இருக்கின்றன. கண்டதைச் சொல்வதற்கு நம் ஆட்கள் கூசுவதில்லை.

பயொக்கின் பட்டியலில் இல்லாத ஒன்றை நம் தாளில் கட்டாயம் சேருங்கள்: கேட்காமல் விட்ட கேள்வி. நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் தமிழ்நாட்டின் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது பல குடும்பங்களில் ஒரே ஒரு கிழவிக்குத்தான் தெரியும். "அம்மாயி, உங்கள் அப்பாவின் ஊர் எது? அவரை யார் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று கேட்பதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவற்றில் ஒன்று. என் அம்மாயியிடம் நான் கேட்கவில்லை. எங்கள் ஊர் திருச்சிப் பக்கம் என்பதோடு எங்கள் சரித்திரம் நின்றுவிட்டது.

இரண்டாவது படி: முதலில் எழுதுங்கள், யாருக்கும் காட்டாதீர்கள்

1986ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். ஒரு பகுதியினர் மனதை மிகவும் வருத்திய சம்பவத்தை எழுதினார்கள்; மற்றவர்கள் சாதாரண விடயத்தை. தங்களுக்கு நேர்ந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு கலங்கித்தான் போனார்கள். அடுத்து வந்த மாதங்களில் சுகாதார நிலையத்துக்கு மருந்து வாங்கப் போவது அவர்களிடையே குறைந்தது.

நான் இதைத்தான் பின்பற்றுகிறேன்: நான்கு நாள், 15 நிமிடம், கடிகாரம் பார்த்து. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். திட்ட வேண்டியிருந்தால் திட்டுங்கள். முதல் இரண்டு நாள் வெறும் கோபமாகத்தான் வரும். நான்காம் நாளுக்குள் சொல்ல வேண்டிய வாக்கியம் எங்காவது ஒரு மூலையில் தலைகாட்டிவிடும். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தாள்களை அடுப்பில் போட்டுவிடுங்கள். லயத்து வீட்டில் தாளை ஒளித்து வைக்க இடம் ஏது?

எழுதத் தெரியாதவர்களுக்கு விறகு பொறுக்கப் போகும் பாதை இருக்கிறது. தனியாக நடந்துகொண்டே முணுமுணுத்தாலும் இதே வேலை நடக்கும்.

மூன்றாவது படி: புடைத்தெடுங்கள்

எழுதியதை மூன்று வாக்கியமாகச் சுருக்குங்கள். முதலாவது, என்ன நடந்தது. இரண்டாவது, அதில் நான் செய்தது அல்லது அவர் செய்தது. மூன்றாவது, அது என்னை என்ன செய்தது. என்னுடையது இப்படி வந்தது: "பரீட்சை அன்று உங்களை வளைவில் நிற்கச் சொன்னேன், அப்பா. உங்கள் காலைப் பார்த்து வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை நினைத்துத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்."

பிறகு அதில் "ஆனால்" இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் அதற்குப் பின்னால் வருவதையும் வெட்டுங்கள். "தப்புத்தான், ஆனால் நீயும் அன்றைக்கு…" என்று தொடங்கியதும் அது மன்னிப்பு அல்ல. சண்டையின் இரண்டாம் பாகம். "உங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருந்தால்" என்பதையும் வெட்டுங்கள். அது தொழிற்சங்க அறிக்கைக்குப் பொருந்தும். "எப்போதும்", "ஒருநாளும்" இரண்டும் கணக்கில் பிழை வைக்கும் சொற்கள். நடந்த நாளை மட்டும் சொல்லுங்கள்.

ஒரு குறிப்பு. நான் இங்கே புத்தகத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும்போது வீட்டில் பேசுவது போலவே சொல்லுங்கள். மேடைத் தமிழில் மன்னிப்புக் கேட்ட ஒரு மருமகனை எனக்குத் தெரியும், மாமியார் சிரித்துவிட்டார். நல்லவேளை, அவர் சிரித்ததில் காரியம் முடிந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

நான்காவது படி: இடம் பிடியுங்கள்

இதுதான் மலையகத்தில் கடினமான படி. வீட்டுக்குள் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். காதுகள் இல்லாத இடம் வேண்டும். அல்லது காதுகள் வேறு சத்தத்தில் மூழ்கியிருக்கும் இடம் வேண்டும். நான் சோதித்துப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

மழை. தகரக் கூரையில் அடைமழை விழும்போது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பக்கத்துக் காம்பராவுக்கு ஒன்றும் கேட்காது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குச் சரிவுத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் தனியறை. குறை என்னவென்றால், உரக்கச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லி முடிக்கும் நேரம் பார்த்து மழை நின்ற கதையும் உண்டு.

பீலி, அதாவது லயத்தார் தண்ணீர் பிடிக்கும் இடம். தண்ணீர் விழும் சத்தம் நல்லது; அங்கே வரிசையில் நிற்பவர்கள்தான் நல்லதில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் போனால் பரவாயில்லை.

மலைப் பாதை. வேலை விட்ட பிறகு கொழுந்து மலையில் ஆள் இருக்காது. அங்கே குரலை அடக்க வேண்டியதில்லை. எதிர் மலையில் மோதி அது திரும்பி வரும். அதற்கு மட்டும் பயப்படாதீர்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது பயணம். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று நகரத்து ஆலோசகர்கள் சொல்வார்கள். நம் பெரியவர்களிடம் அது எடுபடாது. பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசினால் அது எதிர்த்துப் பேசுவது என்று பழகியவர்கள் அவர்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல் எளிதாக வெளியே வரும். பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும். கோச்சி, அதாவது ரயில், நல்லது.

நான் அம்மாவிடம் சொன்னது கோச்சியில்தான். ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அம்மா நாற்பது வயதுக்கு மேல்தான் கையெழுத்துப் போடப் பழகினார். அதுவரை சம்பளப் புத்தகத்தில் பெருவிரல்தான். முதன்முதலாகத் தன் பெயரை எழுதி என்னிடம் காட்டிய அன்று, ஓர் எழுத்து தலைகீழாக இருந்ததைப் பார்த்துச் சிரித்தேன். பத்து வயதில் செய்ததுதான். அது என் தாளில் இரண்டாவது வட்டம்.

ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். கோச்சி உள்ளே நுழைந்ததும் இளவட்டங்கள் கூச்சலிடுவார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. அந்த இருட்டில் சொல்லிவிடுவதென்று திட்டமிட்டிருந்தேன். வாய் வரவில்லை. கொட்டகலையும் போனது. அதற்குப் பிறகுதான், தேயிலையைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் பெயர் எழுதிக் காட்டிய அன்று நான் சிரித்தேன், அம்மா. அது தப்பு. அன்றைக்கு உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்" என்றேன்.

"ஜன்னலைச் சாத்து, தூவானம் அடிக்கிறது" என்றார் அம்மா.

தலவாக்கலை போய், கிரேட் வெஸ்டர்ன் மலை தெரியத் தொடங்கியபோது, "பேனா வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். கல்யாண மொய் உறையை மடியில் வைத்துத் தன் பெயரை எழுதினார். ஓடும் கோச்சியில் எழுத்துகள் கோணலாக வந்தன. எல்லாம் சரியான பக்கம் பார்த்து நின்றன.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். சம்பளம் போடும் 10ஆம் திகதியும் அதை ஒட்டிய நாட்களும் வேண்டாம். கடன், சீட்டு, கடைக் கணக்கு என்று எல்லோர் மனமும் அங்கேதான் இருக்கும். தீபாவளி அன்று வேண்டாம். இருவரில் ஒருவர் குடித்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம். போதையில் சொன்ன மன்னிப்பு எத்தனை உண்மையாக இருந்தாலும் காலையில் சாராயத்தின் கணக்கில்தான் எழுதப்படும்.

ஐந்தாவது படி: சொல்லுங்கள், பிறகு வாயை மூடுங்கள்

முறை சொல்லிக் கூப்பிட்டுத் தொடங்குங்கள்: அத்தை, மாமா, அண்ணே. கூப்பிட்ட பிறகு பின்வாங்க முடியாது, அதற்காகத்தான். மூன்று வாக்கியத்தையும் சொல்லுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். சொல்லி முடித்த பின் பத்துவரை எண்ணுங்கள்.

வரக்கூடிய பதில்களை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: "அதெல்லாம் இப்போது எதற்கு?" "சரி, சரி, சாப்பிடு." "உனக்கு என்ன ஆயிற்று?" "எனக்கு ஞாபகமே இல்லை." இவற்றில் எதுவும் மறுப்பு அல்ல. கேட்ட சொல்லை வைக்க அவருக்கும் இடம் வேண்டும். என் அம்மாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. சிலருக்கு ஆறு மாதம் எடுக்கும். "நான் சொன்னதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று துருவாதீர்கள். பதில் வாங்குவது உங்கள் வேலை அல்ல.

கடல் கடந்து இருப்பவருக்கு

நம் தோட்டங்களில் அம்மா வளைகுடாவில், பிள்ளை அம்மாயியிடம் என்பது புதுக் கதை அல்ல. இவர்களுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு கடிதத்தைவிட நல்லது. திரும்பத் திரும்பக் கேட்கலாம். இரண்டு எச்சரிக்கைகள். வீட்டு வேலைக்குப் போனவர்களின் கைபேசி எப்போதும் அவர்கள் கையில் இருப்பதில்லை. இருந்தாலும் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியாது. அதனால் முதலில் தனியாக ஒரு சிறு பதிவு அனுப்புங்கள்: "அடுத்ததைத் தனியாக இருக்கும்போது கேளுங்கள், அம்மா. கெட்ட செய்தி இல்லை." கடைசி மூன்று சொற்கள் மிக முக்கியம். அவை இல்லாவிட்டால் அங்கே ஒரு தாய்க்கு அன்றைய வேலை ஓடாது. நேரமும் பாருங்கள்: குவைத்தும் சவூதியும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம்.

இரண்டாவது, அனுப்பும் முன் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். அண்ணனுக்கு என்று நான் அழுதுகொண்டே பேசிய நான்கு நிமிடப் பதிவு, 31 பேர் உள்ள குடும்பக் குழுவுக்குப் போனது. பெரியம்மாமார் எல்லாம் அழுதார்கள். ஒரு மச்சான் பெருவிரலை உயர்த்திக் காட்டியிருந்தான். அண்ணன் மட்டும் இன்னும் அதைக் கேட்கவில்லை என்கிறான்.

நோய்ப் படுக்கையில் இருப்பவருக்கு

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில் இரண்டடி தள்ளித்தான் இருக்கும். பார்வையாளர் நேரத்தில் கூட்டம் வேறு. அங்கே மூன்று வாக்கியம்கூட அதிகம், ஒன்று போதும். காதருகே குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்: "நான் உங்கள் சின்ன மகன் வந்திருக்கிறேன்." பிறகு அந்த ஒரு வாக்கியம்.

நினைவு தப்பியவரிடம் சொல்லி என்ன பயன் என்று கேட்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மரணத்துக்குச் சில மணி நேரமே இருந்த, எதற்கும் அசையாத நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்ததில், அவர்களில் சிலரின் மூளை ஒலியின் மாற்றத்துக்கு நலமானவர்களின் மூளையைப் போலவே பதில் காட்டியது. காதில் விழுந்தது பொருளாகப் புரிந்ததா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. காதில் விழுந்ததே எனக்குப் போதும். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு பெட்டிச் செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

இறந்தவருக்கு, தொலைந்தவருக்கு

இங்கே நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் கிழவிகள் கரை கண்டவர்கள். ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? அதில் இறந்தவர் "அவர்" இல்லை; நேருக்கு நேர் "நீ", "என்னைப் பெற்ற ராசா". புகழ்ச்சி இருக்கிறது, பழியும் இருக்கிறது. வாங்கித் தராத சேலை, வராமல் போன நல்லது கெட்டது, மருமகளைப் பேசிய பேச்சு எல்லாம் பெயர் சொல்லி வரும். உயிரோடு இருந்தபோது மாமனாரோடு நான்கு வார்த்தை பேசியிராத மருமகள், தோளில் தோள் சேர்த்த பெண்கள் நடுவே நாற்பது நிமிடம் அவரோடு பேசுவாள். யாரும் அவளைப் பைத்தியம் என்று சொல்வதில்லை. ஆண்கள் நாமோ வெளியே தப்பு மேளச் சத்தத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். நம் பங்கைப் பிறகு எங்கே சொல்வது?

முதல் வழி, குழிமேட்டுக்குப் போவது. தோட்டத்து இடுகாடுகள் தேயிலைக்கு நடுவிலேயே இருக்கின்றன. கருமாதி முடிந்த பிறகு நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை. புல்லைச் செதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் திறக்கும்.

இரண்டாவது, வெற்று நாற்காலி. ஜேக்கப் மொரேனோ தொடங்கி, பிறகு பிரிட்ஸ் பேர்ல்ஸ் என்ற உளமருத்துவர் பிரபலமாக்கிய முறை இது. எதிரே ஒரு நாற்காலி போட்டு அதில் அவர் இருப்பதாக வைத்து நேராகப் பேசுவது. பிறகு நீங்களே இடம் மாறி உட்கார்ந்து அவராகப் பதில் சொல்வது. நான் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை நாற்காலியில் வைத்தேன். என் மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். இடம் மாறி, கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வாயில் முதலில் வந்தது, "கணக்குப் பேப்பர் எப்படி எழுதினாய்?" என்பதுதான். பரீட்சை அன்று அவர் கேட்டதும் அதுவே, மறந்திருந்தேன். முதல் தடவை செய்யும்போது வீட்டில் நம்பிக்கையான ஒருவர் இருக்கட்டும். இழப்பு அண்மையில் நடந்தது என்றால் இந்த முறையைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

குழிமேடே இல்லாதவர்கள் நம்மிடையே நிறைய. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பியபோது வீடு இல்லை. மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டவர்களுக்கு எந்த இடத்தில் நின்று சொல்வது? ஜப்பானின் ஒட்சுச்சி ஊரில் இதாரு சசாகி என்பவர், இறந்துபோன ஒன்றுவிட்ட சகோதரரோடு பேசுவதற்காக 2010இல் தன் தோட்டத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு வைத்தார். அந்தத் தொலைபேசிக்குக் கம்பி இணைப்பு இல்லை. மறுவருடம் மார்ச்சில் சுனாமி வந்தது. உடல் கிடைக்காத உறவுகளோடு பேச ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கூண்டுக்குப் போனார்கள். எண்ணைச் சுழற்றி, ரிசீவரைப் பிடித்து, உரக்கப் பேசிவிட்டு வைத்துவிட்டு வந்தார்கள். நமக்கு அந்தக் கூண்டு வேண்டும் என்று இல்லை. கோயில் படியோ, அவர் வழக்கமாக உட்காரும் கல்லோ ஒன்றை நிரந்தரமாகக் குறித்துக்கொண்டால் போதும். போகும் இடம் மாறாமல் இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் பிரிந்தவர்களும் இருக்கிறார்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 ஒக்டோபரில் கைச்சாத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே. தலைமன்னாருக்குப் போன வண்டிக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ஸ்டேஷனில் எல்லோரும் அழுதார்கள். அழுகையில் சொல் எதுவும் தெளிவாகக் கேட்டிருக்காது. போனவர்களின் பிள்ளைகள் இன்று நீலகிரியில், கூடலூரில், கோத்தகிரியில் இருக்கிறார்கள். எண்ணைத் தேடிப் பிடித்து, "உங்கள் அப்பாவிடம் என் அம்மா சொல்ல நினைத்தது இது" என்று அடுத்த தலைமுறையிடம் சொல்வதும் சொல்வதுதான். இதில் கூச்சம் குறைவு. நீங்கள் தபால்காரர் மட்டுமே.

சொல்லக் கூடாத நேரங்கள்

உங்கள் பாரம் இறங்க வேண்டும் என்பதற்காக மட்டும் மற்றவர் தலையில் ஒன்றை ஏற்றுவதாக இருந்தால் சொல்லாதீர்கள். மூன்றாமவரின் இரகசியம் உங்களுடையது அல்ல. உங்களை அடித்தவரிடமோ, தகாத முறையில் நடந்தவரிடமோ தனியாகப் போய் எதையும் சொல்ல வேண்டாம். அதற்கு வெற்று நாற்காலி போதும், அல்லது கூட ஓர் ஆள் வேண்டும். எழுதும்போதோ சொன்ன பிறகோ வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், இதையெல்லாம் அப்படியே நிறுத்திவிட்டு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

கடைசிப் படி

திரும்பச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துத்தான் நானும் குழிமேட்டுக்குப் போனேன். போதவில்லை, வருடத்துக்கு ஒரு தடவை போகிறேன்.

முதல் தடவை போனபோது புல்லைச் செதுக்கி முடித்து, உரத்த குரலில் அப்பாவிடம் வளைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். மேல் லயத்து அத்தை, தலையில் விறகுக் கட்டோடு. உறவுமுறையில் அத்தை, அப்பாவுக்கு ஏழெட்டு வயது இளையவர்.

"யாரோடு பேசுகிறாய், தம்பி?"

"அப்பாவோடு, அத்தை."

சிரிப்பார் என்று நினைத்தேன். விறகுக் கட்டை இறக்கி வைத்தார். தலையில் கிடந்த சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வந்து குழிமேட்டுக்கு முன்னால் குந்தினார்.

"அண்ணே," என்றார், "1974 பஞ்சத்தில் உங்கள் கிழங்கைத் தோண்டினது பன்றி இல்லை அண்ணே."

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அவர் குரல் கேட்காத தூரத்துக்கு, பீலிப் பக்கம் நடந்தேன்.